கூப்பிடாத வீடு

என் ராசா,

இதைப் படிக்கிறபோது கண்ணாடியைப் போட்டுக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசியில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு எங்கோ பார்ப்பாய். அது எனக்கு இங்கே இருந்தே தெரியும். கடிதம் என்றால் பாதியில் "பிறகு எடுக்கிறன்" என்று சொல்ல ஏலாது. வேலைக்குப் போகிற ரயிலில் வைத்துப் படி, நின்றுகொண்டு படிக்காதே, இருக்கை கிடைத்த பிறகு படி. மருமகள் கௌசிக்கும் வாசித்துக் காட்டலாம். அவளுக்கு ஒளித்து எழுதுகிற கடிதம் இல்லை இது, அவளின் தாயைப் பற்றிக் கொஞ்சம் இருந்தாலும்.

நேற்றுப் பின்னேரம் நீ எடுத்தாய். ஆரபிக்கு இலையுதிர் கால விடுமுறை வருகிறது, இந்த முறையும் கொல்மாருக்கு மாமி வீட்டுக்குப் போகிற யோசனை, ரிக்கற் இன்னும் போடவில்லை என்று சொன்னாய். "மாமி உங்களையும் வரச்சொல்லிக் கேட்டவா அம்மா. இந்த முறை திராட்சைத் தோட்டமெல்லாம் நல்ல மஞ்சளாம். வாறியளோ?" என்று கேட்டாய். நான் "பாப்பம்" என்று சொல்லிப்போட்டு வைத்துவிட்டேன். அதை நீ மூட்டு வலி என்று எடுத்திருப்பாய். மூட்டு வலி இல்லை. எனக்குப் பொறாமை. கௌசியைப் பெற்றவவில், உங்கள் எல்லாருக்கும் பிடித்த அந்த ரீச்சரில் எனக்குப் பொறாமை. இந்த வயதில் இப்படி எழுத வெட்கமாக இருக்கவேண்டும். எனக்கு இல்லை. இந்த விடுமுறைக்குப் பேத்தி ஆரோடு என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியது. அவளுக்கு ஏழு வயது முடியப்போகிறது. இன்னும் கொஞ்சக் காலத்தில் சிநேகிதப் பிள்ளைகளோடு போகிறேன் என்று நிற்பாள். பிறகு ரீச்சருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் ரீச்சர் அதற்குள் வேண்டியமட்டும் அனுபவித்து முடித்திருப்பா.

இலை பார்க்கப் போவது என்பதே எனக்கு முதலில் விளங்காத விசயம். நீ என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது 2010 இல், இலை கொட்டுகிற மாதத்தில். எங்கள் ஆட்கள் அதைக் கூப்பிடுவது என்றுதானே சொல்வோம். "மகன் கூப்பிட்டிட்டான்" என்று முகாமில் என்னோடு இருந்த பெண்களுக்கெல்லாம் சொன்னேன். உன் அப்பாவும் இல்லாமல், கையில் ஒரு பையோடு வந்து இறங்கினாலும், கூப்பிட ஒரு மகன் இருக்கிறான் என்கிற தலைக்கனத்தோடுதான் இறங்கினேன். லா சப்பலில் இதே வீடுதான். நீ அப்போது கலியாணம் கட்டவில்லை. வந்த மறுநாள் காலையில் யன்னலைத் திறந்தால், கீழே உள்முற்றத்தில் அந்த ஒற்றை மரம், தரை முழுக்க இலை. இலையில்லாத மரங்களை நான் அதற்கு முந்தின வருசம் நிறையப் பார்த்திருந்தேன். அது உனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஆனால் இலை விழுந்து கிடக்கிற முற்றம் என்றால் என் கை சும்மா இராது. நீ வேலைக்குப் போனதும் தெருவில் இறங்கி எங்கள் ஆட்களின் கடையில் ஒரு ஈர்க்கு விளக்குமாறு வாங்கிக்கொண்டு வந்து கூட்டத் தொடங்கினேன். பாதி முற்றம் கூட்டியிருப்பேன், கட்டடம் பார்க்கிற மரியா ஓடி வந்தாள். "நோன், மதாம். லெஸ்ஸே, லெஸ்ஸே" என்று என் கையில் இருந்த விளக்குமாற்றைப் பிடித்தாள். நான் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நீ வந்ததும் "லெஸ்ஸே எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டேன். "விடுங்கோ எண்டு அர்த்தம் அம்மா. அது அவவின்ரை வேலை. நீங்கள் கூட்டினால் தன்ரை வேலையைப் பறிக்க வந்திருக்கிறா எண்டு நினைப்பா" என்றாய். இந்த நாட்டில் நான் கற்ற முதல் சொல் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். தண்ணீர் முழுக்க மஞ்சள் இலை மிதந்தது. ஆட்கள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நடந்தார்கள். "இது கூட்டுறதுக்கு இல்லை அம்மா, பாக்கிறதுக்கு" என்றாய். "குப்பை பாக்கவோ சீலை மாத்திக்கொண்டு வரச்சொன்னனீ?" என்று நான் கேட்க, நீ அந்தக் கரையில் குனிந்து குனிந்து சிரித்தாய். வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். யன்னலில் ஆவி படிந்தது. நீ அதில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தாய். அந்த இலையுதிர் காலம் முழுக்க எனக்குச் சொந்தமாக இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கலியாணம் வந்தது, நீங்கள் நகருக்கு வெளியே வில்லியே லே பெல்லுக்குப் போனீர்கள், ஆரபி பிறந்தாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, கௌசியைப் போல ஒரு மருமகள் கிடைக்கமாட்டாள். குறை எங்கே தொடங்கினது என்றால் கொல்மாரில். அங்கே போகிற ரயில் புறப்படுவது கார் து லெஸ்டில் இருந்து. நீங்கள் வந்து இறங்குவது கார் து நோரில். இரண்டு நிலையத்துக்கும் கிட்ட என் வீடு. ஆகவே வருசா வருசம் ஒரே நாடகம். மணி அடிக்கும், கதவைத் திறந்தால் பெரிய பெட்டி முதலில் வரும், பிறகு சின்னப் பெட்டி, பிறகு நீங்கள். "மாமி, பெட்டியை இதிலை வைச்சிட்டுக் கடைக்குப் போட்டு ஓடி வாறம்" என்று கௌசி சொல்வாள். சப்பாத்துக்கூடக் கழற்றமாட்டாள். கொல்மாரில் முருங்கைக்காயும் வல்லாரையும் கிடைக்காதாம். ரீச்சருக்கு வாங்கவேண்டும். நான் விடிய எழும்பிச் சுட்ட வடை பார்சலாகக் காத்திருக்கும். அப்படி ஒருநாள் ஆரபி பெட்டியின்மேல் ஏறி இருந்துகொண்டு, கையை மைக்கைப் போல வாயில் பிடித்து, நிலையத்தில் அறிவிக்கிறவளின் குரலில் சொன்னாள்: "கார் து நோர். கார் து லெஸ்ட். கார் து அப்பம்மா."

நீ சிரித்தாய், கௌசி சிரித்தாள், நானும் சிரித்தேன். ரயில் நிலையத்துக்குக் கார் என்பது அதற்குள் எனக்கும் தெரிந்த சொல்தானே. சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய் வடையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பாதி ரீச்சரின் வாய்க்குள்தான் போகும் என்று தெரிந்தும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவ்வளவு நல்ல மனுசி நான். ஆனால் அன்றைக்கு நீங்கள் படி இறங்கிப் போகிற சத்தம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, கதவடியில் பெட்டி நின்ற இடத்தில் கிடந்த ஈர அடையாளத்தைத் துடைத்தேன். நிலையங்களில் இரவு துடைப்பார்களே, அப்படி.

இரண்டு வருசத்துக்கு முதல் என்னையும் கொண்டுபோனீர்கள். ராசா, அந்த ஊர் அழகில்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். கௌசியின் தம்பி காரை மலைப்பாதையில் ஏற்ற ஏற்ற, சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி மஞ்சளும் செம்மஞ்சளுமாக வரிசை வரிசையாக வந்தது, மஞ்சள் அரைத்துப் பூசினதுபோல. மேலே காடு. கீழே பள்ளத்தில் மூடுபனி நிறைந்து ஊரையே காணவில்லை, மாதா கோவில் கோபுரம் ஒன்று மட்டும் பனிக்கு மேலே நின்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். திறந்தால் "என்ன வடிவு" என்று வந்துவிடும் என்று பயம். ரீச்சர் வழியில் இறங்கி ஒரு சிவந்த இலையைப் பிடித்துக்கொண்டு, "ஆரபி, இந்தக் காலத்துக்கு என்ன பெயர் சொல்லித் தந்தனான்?" என்று கேட்டா. "இலையுதிர் காலம்" என்றாள் பிள்ளை, தொண்டைக்குள் உருட்டுகிற ஒரு 'ர்' போட்டு. எல்லாரும் கை தட்டினீர்கள். அந்தச் சொல் எனக்கும் தெரியும். நாலாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருந்தது. ரீச்சருக்குத் தெரிய முதலே எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அவவைவிட மூப்பு. ஆனால் அதைச் சொல்லிக் காட்ட என்னட்டை ஒரு மலை இருக்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்தேன். பொறுக்க முடியாதது கரண்டி. சாப்பாட்டு நேரம் ஆரபி எழும்பி நேரே ரீச்சரின் குசினிக்குள் போய், ஒருவரையும் கேட்காமல், அலுமாரியின் மூன்றாவது லாச்சியை இழுத்துக் கரண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டில் அவள் "அப்பம்மா, கரண்டி எங்கை?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிற பிள்ளைக்கு எந்த லாச்சியில் கரண்டி இருக்கும் என்று எப்படித் தெரியும்? நான் அந்த மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டு அந்த லாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, உப்புக் குறைவோ?" என்று ரீச்சர் கேட்டா. உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுவும் ஒரு குறை.

பின்னேரம் நீங்கள் எல்லாரும் உலாத்தப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பல்கனியில் இருந்து வால்நட் உடைத்தோம். "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்றா ரீச்சர். "ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?" என்று கேட்டேன். "பிள்ளையளுக்குப் பக்கத்திலை இருக்கிறியள். நினைச்ச நேரம் வருவினம், போவினம். எனக்கு அப்பிடியோ? பள்ளிக்கூடம் தொடங்கவே போன் எடுக்கத் தொடங்குவன். மருமகனுக்கு ஒருக்கால், மகளுக்கு ஒருக்கால், பிறகு சின்னவளைப் பிடிச்சு மலை காட்டுறன் எண்டு ஆசை காட்டுறது. கூப்பிடாட்டில் ஆர் வருவினம், சொல்லுங்கோ?" என்றா. பிறகு, "உங்கடை வீட்டிலை அடிக்கடி வந்து நிப்பினம், என்ன?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். "பெட்டியோடை வந்தோ?" என்றா. "பெட்டியோடைதான் வருவினம்" என்றேன். அது பொய் இல்லை. ரீச்சரின் கை வால்நட்டில் அப்படியே நின்றது. அவவுக்கு என்னில் பொறாமை என்று நான் அப்போதுதான் கண்டேன். நான் ஒன்றும் திருத்திச் சொல்லவில்லை. அன்றிரவு நல்ல நித்திரை.

போன வருசம் கிரேவ் வந்ததே, ரயில்காரரின் வேலைநிறுத்தம், அதைப் பற்றியும் எழுதவேண்டும். வழக்கம்போலப் பெட்டி வந்தது, நீங்கள் வந்தீர்கள், வடைப் பார்சல் கட்டி முடிந்தது. நீ தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "கிரேவாம். இண்டைக்கு ரயில் ஓடாதாம்" என்றாய். கௌசியின் முகம் வாடிவிட்டது. ஆரபி பெட்டியில் இருந்து இறங்காமல் மலை வேண்டும் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் அழுதாள். நான் சிரிக்கவில்லை. நீ மாமிக்குப் போன் எடுக்கிற நேரத்தில் சாமித்தட்டுக்கு முன்னால் ஒரு கற்பூரம் கூடுதலாகக் கொளுத்தினேன், அவ்வளவுதான். பிறகு பார்சலை அவிழ்த்து வடையைத் தட்டில் போட்டேன். ரீச்சருக்குப் போகவேண்டிய வல்லாரையை அன்றைக்கே சம்பலாக அரைத்தேன்.

மறுநாள் எல்லாருமாகப் பூட் ஷோமோன் பூங்காவுக்குப் போனோம். என் வீட்டுக்கு இவ்வளவு கிட்ட அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று இத்தனை வருசமாக எனக்குத் தெரியாது. குளம், பாறை, தொங்கு பாலம், மேலே இருந்து விழுகிற தண்ணீர், மரங்களெல்லாம் மஞ்சளும் செம்புமாக. "இது மலையோ அப்பம்மா?" என்று ஆரபி கேட்டாள். "மலைதான். சின்னன். உன்னைப் போலை" என்றேன். அவள் பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், எனக்குத்தான் பயம், ஆனால் அவள் தனக்குப் பயம் என்று நினைத்துப் பிடித்தாள். ஒரு பை நிறைய இலை பொறுக்கிக்கொண்டு வந்து என் வரவேற்பறைக் கம்பளத்தில் கொட்டினாள். கொட்டி, அதில் நீச்சல் அடித்தாள். கௌசி பதறிப்போய், "மாமி, கூட்டி அள்ளட்டோ?" என்று விளக்குமாற்றை எடுத்தாள். "விடு பிள்ளை" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், ஞாபகம் இருக்கிறதா? விளக்குமாற்றுக்காக மரியாவோடு சண்டை பிடித்த உன் அம்மா சொல்கிறாளே என்று பார்த்தாய்.

ரயில் ஓடத் தொடங்க நீங்கள் போய்விட்டீர்கள். நான் இலையைக் கூட்டவில்லை. அது காய்ந்து, நடக்கிறபோது காலுக்குக் கீழே சரசரத்தது. குசினியில் நிற்கிறபோது யன்னல் காற்றுக்கு அது அசையும், ஆரோ வீட்டில் இருக்கிறமாதிரி. கார்த்திகை விளக்கீடு வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்த வருசமும் கிரேவ் வரவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று உன் போனை வைத்த பிறகு சாமித்தட்டடியில் நின்று திரும்பவும் கேட்கப்போனபோதுதான் ரீச்சர் அன்றைக்குப் பல்கனியில் சொன்னது காதில் விழுந்தது: கூப்பிடாட்டில் ஆர் வருவினம்.

நான் உங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, ராசா. ஒரு தீபாவளிக்கும் இல்லை, ஒரு விடுமுறைக்கும் இல்லை. இதைப் பிழை என்று எழுதவில்லை. எங்கள் வழக்கம் அது. பெண்ணைப் பெற்றவர்கள் தலைத்தீபாவளிக்கு மருமகனை முறையாகக் கூப்பிடுவார்கள். மகனைப் பெற்றவள் கூப்பிடமாட்டாள். பெற்ற பிள்ளைக்கு அழைப்பா? நான் "வாங்கோ" என்று சொன்னால் நீங்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவீர்கள். சொல்லாமல் இருந்தால்தான் இது உங்கள் வீடு. அப்படித்தான் நான் நினைத்தேன், இப்போதும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் வாசலில் பெட்டிக்குக் காவல் இருந்தேன், ரீச்சர் போனை எடுத்து எல்லா இலையுதிர் காலத்தையும் கொண்டுபோனா. நீ என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டாய், எத்தனை விசாக் கந்தோரில் காத்து நின்று கூப்பிட்டாய். நான் உன்னை வில்லியே லே பெல்லில் இருந்து கூப்பிடவில்லை. உனக்கும் ஒருநாள் ஆரபி பெட்டியோடு வந்து கதவடியில் நிற்பாள், வேறு எங்கோ போகிற வழியில். அப்போது வழக்கம் பார்த்துக்கொண்டிருக்காதே. முதல் ஆளாகப் போனை எடு. இது உனக்கு நான் சொல்கிற புத்தி, இதைவிட வேறு புத்தி என்னட்டை இல்லை.

ஆகவே, விடுமுறையின் முதல் கிழமை இங்கே. இரண்டாம் கிழமை கொல்மாருக்குப் போங்கள், நான் மறிக்கவில்லை, வடையும் சுட்டுத் தருகிறேன். கால்வாயில் படகு ஓடுகிறது, அதில் போவோம். ஃபொந்தன்புளோ காட்டுக்கு ரயிலில் போய் வரலாம் என்று நீ கலியாணத்துக்கு முதல் சொன்னாய், இன்னும் போகவில்லை, அதையும் போவோம். மழை பெய்தால் வீட்டில் இருப்போம், யன்னலில் ஆவி படியட்டும், ஆரபி கீறட்டும். கரண்டி இருக்கிற லாச்சியை நான் அவளுக்கு ஒருதரம்தான் காட்டுவேன். மாமி கேட்டால், அம்மா கூப்பிட்டிட்டா என்று அப்படியே சொல். சொல்லும்போது அவவின் குரல் எப்படி இருந்தது என்று எனக்குப் பிறகு சொல்லு.

இன்றைக்குக் காலையில் மரியா இலை ஊதுகிற மெசினோடு முற்றத்துக்கு வந்தாள். நான் சீலையோடு படி இறங்கிப் போய் அவளுக்கு முன்னால் நின்று, "லெஸ்ஸே, மரியா" என்றேன். அவள் மெசினை நிற்பாட்டிவிட்டு, "பூர்குவா, மதாம்?" என்று ஏன் என்று கேட்டாள். "பெத்தித் ஃபீய் வியான்" என்றேன். பேத்தி வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். "கான்?" என்றாள். எப்போது என்று கேட்கிறாள் என்று விளங்கியது, அதை நீதான் சொல்லவேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெசினைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். இப்போது முற்றம் முழுக்க இலை. இரண்டாம் மாடிக்காரர் முகத்தைச் சுழித்துக்கொண்டு தாண்டிப் போகிறார். இனி நீங்கள் வராவிட்டால் நான் மரியாவின் முகத்தில் முழிக்க ஏலாது.

வாங்கோ. நான் கூப்பிடுகிறேன். பெட்டியைக் கதவடியில் வைக்கவேண்டாம், உள்ளே கொண்டு வாருங்கள்.

அம்மா